மில்லேயின் ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ நகலுக்கு வின்டன் எண்ணெய் வண்ணம்: ஏழு டியூப் போதும், பெட்டி வேண்டாம்

பழைய ஓவியம் ஒன்றை நகலெடுத்து எண்ணெய் வண்ணம் கற்கலாம் என்று கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது பெட்டிதான். எலுமிச்சை மஞ்சளில் தொடங்கிக் கறுப்பில் முடியும் 12 சின்ன டியூப்கள். நகலெடுக்கப்போவது 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் ழான்-பிரான்சுவா மில்லேயின் ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ என்றால் அந்தப் பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அதில் உள்ள பச்சைகளும் ஊதாவும் எலுமிச்சை மஞ்சளும் இந்தப் படத்தில் எங்கும் வேலை செய்யாது. வேலை செய்ய வேண்டிய வெள்ளையோ பாதிப் படத்தில் தீர்ந்துபோகும். அதற்குப் பதிலாக வின்சர் அண்ட் நியூட்டனின் வின்டன் வரிசையில் 37 மில்லி டியூப்களாக ஏழு நிறம் உதிரியாக வாங்குங்கள். வெள்ளையை மட்டும் 200 மில்லியில் வாங்கினாலும் வீணாகாது.

வின்டன் மாணவர் தர வண்ணம். 1832இல் லண்டனில் தொடங்கிய இந்த நிறுவனத்துக்கு ஓவியர் தர வரிசை தனியாக உண்டு. அதில் நிறமியின் விலைக்கு ஏற்ப டியூபின் விலையும் படிப்படியாக ஏறும். வின்டனில் எல்லா நிறமும் ஒரே விலைப்படி. அப்படி வைக்க வேண்டுமானால் விலை கூடிய நிறமிகளுக்கு மாற்று போட்டுத்தான் ஆக வேண்டும். காட்மியம், கோபால்ட், செருலியன் பெயர்களுக்குப் பின்னால் ‘ஹ்யூ’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். அசல் நிறமி உள்ளே இல்லை, அதன் சாயலைத் தரும் வேறு நிறமி இருக்கிறது என்று பொருள். இதில் மறைவு எதுவும் இல்லை. டியூபைத் திருப்பினால் நிறமிக் குறியீடு அச்சாகியிருக்கும்.

மாணவர் தரத்தை ஒரேயடியாக ஒதுக்குகிறவர்கள் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. மண் நிறங்கள் எப்போதுமே மலிவு. மஞ்சள் மண்ணான ஓக்கர், பழுப்பு மண்ணான சியன்னா, அம்பர் எல்லாம் இரும்பு ஆக்சைடைச் சேர்ந்தவை. அவற்றில் விலையைக் குறைக்க மாற்று நிறமி தேடும் அவசியம் இல்லாததால், மாணவர் தரத்துக்கும் ஓவியர் தரத்துக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருப்பது இந்த நிறங்களில்தான். மில்லேயின் இந்தப் படம் ஏறத்தாழ முழுக்க மண் நிறத்தால் நிற்கிறது. தர வேறுபாடு நகலைப் பாதிக்கக்கூடிய இடங்கள் வெள்ளையும் ஒரு சிவப்புத் துணியும் மட்டுமே. இதே வின்டனை வைத்து, பளிச்சிடும் நிறங்களால் நிற்கும் ஓர் இம்ப்ரெஷனிஸ்ட் தோட்டக் காட்சியை நகலெடுக்கலாமா என்று கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

படத்தைப் பற்றிக் கொஞ்சம். 1857ஆம் ஆண்டு பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைக்கப்பட்டது. இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 83.5 செ.மீ., அகலம் 110 செ.மீ. அறுவடை முடிந்த கோதுமை வயலில் உதிர்ந்த கதிர்களைப் பொறுக்கும் மூன்று ஏழைப் பெண்கள். ஒருத்தி குனிகிறாள், ஒருத்தி எடுக்கிறாள், மூன்றாமவள் பாதி நிமிர்ந்து நிற்கிறாள். முதுகை ஒடிக்கும் ஒரே வேலையின் மூன்று கணங்களை மூன்று உடம்புகளில் வைத்திருக்கிறார். பின்னால், பொன்தூசு படிந்தது போன்ற வெளிச்சத்தில் கதிர்ப்போர்கள், கதிர்க்கட்டுகள், வண்டி, அறுவடைக் கூட்டம். வலது ஓரத்தில் குதிரைமேல் ஒரு கங்காணி. விளைச்சல் அத்தனையும் தொலைவில் இருக்க, இவர்கள் காலடியில் சிந்தின சில கோதுமைத் தாள்கள். மில்லே 1849இல் பார்பிசோன் கிராமத்துக்குக் குடிபோனவர். அருகிலுள்ள ஷையி சமவெளிதான் அவர் கண்ட வயல்.

கற்பவருக்கு இந்தப் படம் பொருந்துவதற்கு நேரடிக் காரணங்கள் உண்டு. முகங்கள் நிழலில் ஒதுங்கியிருக்கின்றன. கண்ணும் மூக்கும் சரியாக வராமல் முதல் படமே கைவிடப்படும் ஆபத்து இல்லை. பெரிய உருவங்கள் மூன்றே. வெளிச்ச நிலத்தின்மேல் இருண்ட உடம்புகள் என்பதால் ஒளி-நிழல் கணக்கு தெளிவாக இருக்கிறது. இதே பொருளில் ழூல் ப்ரெத்தோன் 1859இல் வரைந்த ‘கதிர் பொறுக்குவோரைத் திரும்ப அழைத்தல்’ அழகான படம்தான், ஆனால் கூட்டமாகப் பெண்கள், ஒவ்வொருத்திக்கும் முகம், அந்தி வானம். முதல் நகலுக்கு அது வேண்டாம்.

கேன்வாஸ் அளவில்தான் பலர் முதல் அடியிலேயே தவறுகிறார்கள். மூலத்தின் உயரத்தை அகலத்தால் வகுத்தால் 0.76. கடையில் கிடைக்கும் 12×16 அங்குலம் 0.75, 18×24 அங்குலமும் 0.75. இரண்டும் பொருந்தும். 12×16இல் மேல்விளிம்பில் 4 மி.மீ. வானம்தான் குறையும். 16×20 வாங்கினால் விகிதம் 0.8 ஆகிவிடும். அதை நிரப்ப வானத்தை இழுத்தால் அடிவானம் தாழ்கிறது, பெண்களை அழுத்தும் நிலத்தின் கனம் போய்விடுகிறது. பக்கத்தில் வெட்டினால் குதிரைக்காரர் காணாமல் போகிறார். முதல் நகலுக்கு 12×16 சரியான அளவு. 18×24 பரப்பில் இரண்டேகால் மடங்கு. வண்ணமும் நேரமும் அதே கணக்கில் கூடும். இழுத்துக் கட்டிய கேன்வாஸும் ஆகும், அட்டையில் ஒட்டிய கேன்வாஸ் போர்டும் ஆகும். போர்டு மலிவு, ஆனால் ஈரப்பதத்தில் வில்லாக வளையும். பின்பக்கமும் ஒரு கை ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) பூசிவிட்டால் வளைவு குறையும். மலிவு கேன்வாஸில் நெசவின் கட்டங்கள் துருத்திக்கொண்டு நிற்கும். 12×16 அளவில் பெண்களின் கைகள் கட்டைவிரல் அகலத்துக்குள்தான் வரும், அங்கே நெசவு தடுக்கும். ஜெஸ்ஸோ இரண்டு கை கூடுதலாகப் பூசி, காய்ந்தபின் 320 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஏழு டியூப்கள்: டைட்டானியம் ஒயிட், எல்லோ ஓக்கர், ரா அம்பர், பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா, பிரெஞ்ச் அல்ட்ரமரின், காட்மியம் ரெட் ஹ்யூ. ஐவரி ப்ளாக் பட்டியலில் இல்லை, தேவையும் இல்லை. அல்ட்ரமரினும் பர்ன்ட் அம்பரும் சமமாகக் கலந்தால் வரும் இருள் கறுப்பைவிட உயிருள்ளது. நீலம் கூட்டினால் குளிர்கிறது, அம்பர் கூட்டினால் சூடேறுகிறது. பாவாடை மடிப்புகளின் அடியில் இந்த இரண்டும் மாறிமாறித் தேவைப்படும். கறுப்பு டியூபில் இன்னொரு கெடுதல்: ஓக்கரோடு சேர்ந்தால் பாசிப்பச்சை ஆகிவிடும். வயலின் நிழலுக்குக் கறுப்பைத் தொட்டவர்களின் நகலில் கோதுமை வயலில் பாசி படர்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஒருவேளை ஆகிவிட்டால் ஒரு துளி பர்ன்ட் சியன்னா அந்தப் பச்சையை அடக்கும்.

வெள்ளையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நகல்கள் சுண்ணாம்பு பூசினது போலத் தெரிவதற்கு முதல் காரணம் இதுதான். மில்லே காலத்து வெள்ளை ஈய வெள்ளை. சற்றே வெதுவெதுப்பானது, பிற நிறத்தை மெதுவாகவே வெளுக்கச் செய்யும். டைட்டானியம் வெள்ளை ஓவியர் கைக்கு வந்தது 1920களை ஒட்டித்தான். அது குளிர்ந்தது, மறைப்புத்திறன் மிகுந்தது, கொஞ்சம் கலந்தாலே நிறத்தின் சாரத்தை உறிஞ்சிவிடும். ஈய வெள்ளை நச்சு என்பதால் வீட்டில் பயன்படுத்தச் சொல்ல மாட்டோம். டைட்டானியத்தையே அடக்கி ஆள்வதுதான் வழி. வெள்ளைக் குவியலை இரண்டாகப் பிரித்து, ஒரு குவியலில் பருப்பளவு ஓக்கரை முன்கூட்டியே கலந்து வையுங்கள். வயலுக்கும் தோலுக்கும் துணிக்கும் இந்தக் கலந்த வெள்ளைதான். சுத்த வெள்ளை வானத்தின் ஒளிமிகுந்த பகுதிக்கு மட்டும்.

வின்டனின் வெள்ளையில் பற்றாக்குறை தெரியும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மாணவர் தரத்தில் நிறமி குறைவு என்பதால் மறைப்புக்கு ஒரு கை கூடுதலாகப் போட நேரும். பட்ஜெட்டில் ஒரே ஒரு டியூப் ஓவியர் தரத்தில் வாங்க இடமிருந்தால் அது வெள்ளையாக இருக்கட்டும். எந்த நிறுவனத்தின் வெள்ளையானாலும் குறியீட்டைப் பாருங்கள். பி.டபிள்யூ. 6 என்பது டைட்டானியம், பி.டபிள்யூ. 4 என்பது துத்தநாகம். டைட்டானியம் என்று பெயரிட்டவற்றிலும் கொஞ்சம் துத்தநாகம் சேர்ந்திருப்பது வழக்கம். முழுக்கத் துத்தநாக வெள்ளையை மட்டும் தவிருங்கள். காலப்போக்கில் அது நொறுங்கும் தன்மை அடைந்து, படலம் விரிசல் விட்டு மேலடுக்கோடு உரிந்து வரும்.

ஓக்கர் நன்றாக மறைக்கிறது, வயலுக்குப் போதும். ரா அம்பர் இந்த ஏழில் மதிப்பு மிக்கது. அதில் இருக்கும் மாங்கனீசு காய்வதை விரைவாக்கும், ஆகவே நிறங்களுக்கு முன் ஒளி-நிழலை மட்டும் வைக்கும் அடிப்படலம் முழுவதும் இதில்தான். பர்ன்ட் சியன்னா இல்லாமல் தோல் நிறம் இல்லை. அல்ட்ரமரின் வின்டனில் குறை சொல்ல முடியாத நிறம். 1820களிலேயே செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்ட நிறமி என்பதால் அதுவும் மலிவு, மாற்று போடவில்லை. காட்மியம் ரெட் ஹ்யூ மட்டும் அசல் காட்மியம் போல் நடக்காது. வெள்ளையோடு சேர்ந்ததும் ரோஜாவாகிவிடும். ஆனால் இந்தப் படத்தில் அழுத்தமான சிவப்பு என்று சொல்லத்தக்கது நடுவில் இருப்பவளின் தலைத்துணி ஒன்றுதான். அதற்காக அசல் காட்மியத்துக்குச் செலவிட வேண்டாம். 12×16 படத்துக்கு வெள்ளை 20 மில்லிக்குக் குறையாமல் போகும், ஓக்கரும் ரா அம்பரும் சுமார் 10 மில்லி, சிவப்பு 2 மில்லிகூட ஆகாது.

எண்ணெயும் கரைப்பானும் எங்கே வாங்குகிறோம் என்பது முக்கியம். ஹார்டுவேர் கடையில் டர்பன்டைன் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது பெட்ரோலியத்திலிருந்து வரும் மினரல் டர்பன்டைன். பிரஷ் கழுவ அது போதும், முதல் படலத்தை இளக்கவும் ஆகும். என்.சி. தின்னர் வேறு பொருள். அது ஏற்கனவே காய்ந்த படலத்தையும் கரைத்துவிடும், மூச்சுக்கும் கெடுதி, படத்துக்குப் பக்கத்தில் வரவே கூடாது. அதே கடையில் ‘டபுள் பாயில்டு’ ஆளிவிதை எண்ணெயும் இருக்கும். அது மரச்சாமான்களுக்கானது, உலோக உலர்த்திகள் கலந்தது, விரைவில் மஞ்சளாகி இருண்டுவிடும். ஓவியக் கடையில் ‘ரிஃபைன்டு லின்சீட் ஆயில்’ என்று கேட்டு வாங்குங்கள், 75 மில்லி குப்பி நிறையப் படத்துக்கு வரும். சமையலறை எண்ணெய் எதையும் வண்ணத்தில் கலக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் என்றைக்கும் காயாது. நல்லெண்ணெய் அரைகுறையாகக் காய்ந்து பிசுபிசுக்கும். வேலை முடிந்து பிரஷிலிருந்து வண்ணத்தை இளக்க அவற்றைப் பயன்படுத்தலாம், பிறகு துணி துவைக்கும் சோப்பால் நுரை வெள்ளையாக வரும்வரை கழுவிவிட வேண்டும்.

பிரஷ்: பன்றிமயிர் தட்டை எண் 8, 4, சிந்தெடிக் ஃபில்பர்ட் (நுனி வளைந்த தட்டை) 6, சிந்தெடிக் ரவுண்டு 2. இதற்குமேல் வேண்டாம். வின்டன் டியூபிலிருந்து சற்றுக் கெட்டியாகவே வரும், அதனால் மென்மயிர் பிரஷ்கள் வளைந்துகொடுக்கும். முதல் அடுக்குகளுக்குப் பன்றிமயிர் இல்லாமல் முடியாது. கலக்குவதற்குக் கத்தி அவசியம். பிரஷால் கலக்கினால் வண்ணம் அடிமயிரில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

மூலப் படத்தை எங்கிருந்து எடுப்பது? இணையத்தில் ஒவ்வொரு பிரதியும் ஒரு நிறத்தில் இருக்கும். சில ஆரஞ்சாக எரியும், சில சாம்பலாகக் கிடக்கும். அருங்காட்சியகத்தின் தளத்தில் இருப்பதை ஒரே மூலமாக வைத்துக்கொண்டு, நிறத்தை மாற்றாமல் பளபளப்பில்லாத மேட் தாளில் ஏ3 அச்செடுங்கள். கைபேசித் திரை தானே ஒளிர்வதால் அதைப் பார்த்து வரைகிறவர் எப்போதும் வெள்ளையைக் கூடுதலாகக் கலக்கிறார். கறுப்பு-வெள்ளையில் இன்னொரு அச்சும் தேவை, அதுதான் முதல் பாதி வேலைக்கு வழிகாட்டி. 1889-90இல் சான் ரெமியில் இருந்தபோது வான்கோ மில்லேயின் படங்களை 20 தடவைக்குமேல் நகலெடுத்தார். அவர் முன்னால் இருந்தவை நிறமில்லாத அச்சுப் படங்கள். ஒளியும் நிழலும் மட்டும் மில்லேயிடமிருந்து வந்தன, நிறம் அவருடையது. அதை அவர் மொழிபெயர்ப்பு என்றே சொன்னார். ஒளி-நிழல் சரியாக இருந்தால் நிறம் பிசகினாலும் படம் நிற்கும் என்பதற்கு அந்த நகல்களைவிட நல்ல சான்று இல்லை.

வேலை முறைக்கு வருவோம். ரா அம்பரை டர்பன்டைனில் தேநீர் போல நீர்க்கக் கரைத்து கேன்வாஸ் முழுவதும் பூசி, பழைய பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். வெள்ளைப் பரப்பு வெளிர் மண் நிறமாகும். ஒரு நாளில் காயும். வெள்ளைப் பரப்பில் நேரடியாகத் தொடங்கினால் எந்த நிறமும் இருட்டாகத் தெரிந்து ஏமாற்றும், இந்த மண் அடித்தளம் அந்தத் தொல்லையைத் தீர்க்கிறது. பிறகு 12×16ஐ இரண்டு அங்குலக் கட்டங்களாகப் பிரித்தால் குறுக்கே எட்டு, நெடுக்கே ஆறு. அச்சுப் படத்திலும் அதே எண்ணிக்கை. கட்டக் கோடுகளுக்குக் கரிக்குச்சி, உருவ வரைவுக்கு நீர்த்த ரா அம்பரும் 2ஆம் எண் பிரஷும். பென்சில் வேண்டாம். எண்ணெய்ப் படலம் ஆண்டுகள் செல்லச்செல்லத் தெளிவாகிக்கொண்டே போகும், கிராஃபைட் கோடு மெதுவாக மேலே தெரியத் தொடங்கும்.

வரைவில் முதலில் பிடிக்க வேண்டியது அடிவானம். அது பட உயரத்தின் மேல்பகுதியில் இருக்கிறது. குனிந்த இருவரும் முழுக்க நிலத்துக்குள் அடங்குகிறார்கள், மூன்றாமவளின் தலை அடிவானத்தை ஒட்டி வருகிறது. இந்த உறவு கால் அங்குலம் பிசகினாலும் படத்தின் பொருளே மாறிவிடும். அடுத்தது முதுகுகளின் வளைவு. இடப்பக்கத்தவளின் முதுகை வட்டமாக வரைந்துவிடுவது கற்பவரின் வழக்கமான தவறு. மூலத்தில் அது வில் அல்ல. இடுப்பில் மடிந்து, தோள்வரை ஏறக்குறைய நேராகப் போகிறது. அவளுடைய ஒரு கை முதுகின்மேல் மடங்கியிருக்கிறது. அந்த முழங்கையின் முக்கோணத்தைச் சரியாகப் பிடித்தால் உடம்பு தானே எடை பெறும்.

அடிப்படலம் ரா அம்பரும் வெள்ளையும் மட்டும், ஐந்து படிகள். எண்ணெய் சேர்க்காதீர்கள், டர்பன்டைனில் இளக்குங்கள். வானமும் தொலைவு வயலும் முதல் இரண்டு வெளிர்ப் படிகள், முன்வயல் நடுப்படி, பாவாடைகள் நான்கும் ஐந்தும். ஒளி பட்ட கை, பிடரி, தோள், முதுகு ஆகியவை இரண்டும் மூன்றும். மாலைச் சாய்வொளி சிலை போலச் செதுக்குவது இந்த இடங்களைத்தான். முடித்ததும் கறுப்பு-வெள்ளை அச்சின் பக்கத்தில் வைத்து, எட்டடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். மூன்று உருவங்களும் ஒரே பார்வையில் பிரிந்து தெரியாவிட்டால் இங்கேயே திருத்துங்கள். நிறம் போட்டபின் திருத்துவது பத்து மடங்கு வேலை. இது காய மூன்று நான்கு நாள் ஆகும். எண்ணெய் வண்ணம் நீர் ஆவியாகிக் காய்வதல்ல, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவது. அலமாரிக்குள் பூட்டி வைத்தால் காயாது. வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள அறையில் நிறுத்துங்கள்.

நிறத்துக்குப் போகும்போது தொலைவிலிருந்து அருகே வர வேண்டும். வானத்துக்கு வெள்ளை, அதில் அரைப் பருப்பளவு அல்ட்ரமரின், கொஞ்சம் ஓக்கர். நீலமும் ஓக்கரும் பச்சைக்குச் சாய்ந்தால் சிவப்பை பிரஷ் நுனியால் தொட்டுச் சேருங்கள். போர்களும் வண்டியும் வானத்தின் அதே கலவையில் சற்றுக் கூடுதல் ஓக்கரும் சியன்னாவும் சேர்த்து. வானம் ஈரமாக இருக்கும்போதே போட்டு, உலர்ந்த பிரஷால் விளிம்புகளைத் தடவி மங்கவிடுங்கள். அந்தப் பொன்தூசுத் தோற்றம் இப்படித்தான் வரும். குதிரைக்காரரை நுணுக்கமாக வரைய ஆசை வரும். அவர் மூன்று நான்கு தொடுகைகளுக்கு மேல் பெறக் கூடாது, பெற்றால் முன்னால் வந்துவிடுவார்.

முன்வயலில்தான் அதிக நகல்கள் கெடுகின்றன. மெல்லிய பிரஷை எடுத்து ஒவ்வொரு தாளையும் கோடாக இழுக்கத் தொடங்கினால் வயல் துடைப்பமாகிவிடும். முதலில் ஓக்கர், ரா அம்பர், கலந்த வெள்ளை மூன்றிலும் ஒரு நடுநிறம் செய்து நிலம் முழுவதையும் மூடுங்கள். பெண்களின் காலடிப் பக்கம் பர்ன்ட் அம்பர் கூட்டி இருட்டாக்குங்கள். இரண்டு நாள் கழித்து, அது ஒட்டாமல் காய்ந்ததும், 8ஆம் எண் பன்றிமயிரில் கெட்டியான வெளிர் ஓக்கரை எடுத்து, துணியில் பாதியைத் துடைத்துவிட்டு, மேற்பரப்பில் உரசினாற்போல் இழுங்கள். நெசவின் மேடுகளில் மட்டும் வண்ணம் பிடிக்கும், பள்ளத்தில் இருள் நிற்கும். அதுவே அறுத்த தாள். தனித்தனிக் கோடாக இழுப்பது கடைசியில், பொறுக்கும் விரல்களைச் சுற்றி மட்டும், முப்பது நாற்பது கோட்டுக்குள். பார்ப்பவர் கண் அந்த விரல்களுக்குப் போய்விடும், மீதி வயலைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

தலைத்துணிகள் நீலம், சிவப்பு, மங்கிய மஞ்சள் என்று நினைவில் நிற்கும். ஆனால் அவற்றின் அருகே டியூப் நிறத்தை வைத்துப் பார்த்தால் எவ்வளவு அடங்கியவை என்று தெரியும். சுற்றிலும் மண் நிறமாக இருப்பதால்தான் அவை அவ்வளவு நிறமாகத் தெரிகின்றன. நீலத்துக்கு அல்ட்ரமரினில் கால் பங்கு பர்ன்ட் அம்பர், பிறகு கலந்த வெள்ளை. சிவப்புக்கு காட்மியம் ரெட் ஹ்யூவும் பர்ன்ட் சியன்னாவும் சமமாக, ஒளிபட்ட இடத்தை வெள்ளையால் அல்ல, ஓக்கரால் ஏற்றுங்கள். வெள்ளை தொட்டால் ரோஜா நிறம் வந்து உழைக்கும் பெண்ணின் துணி விழாத் துணியாகிவிடும். தோலுக்கு பர்ன்ட் சியன்னா, ஓக்கர், கலந்த வெள்ளை, நிழலில் துளி அல்ட்ரமரின். கைகளை நளினமாக்காதீர்கள். மில்லேயின் பெண்களுக்குத் தடித்த கைகள். விரல்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல் முதலில் கையுறை போல ஒரே வடிவமாகப் போட்டு, பிறகு இரண்டு நிழல் கோடுகளால் பிரித்தால் அந்தத் தடிப்பு கிடைக்கும்.

ஒவ்வொரு மேலடுக்கிலும் எண்ணெய் சற்றுக் கூட வேண்டும். முதல் அடுக்கு டர்பன்டைன் மட்டும், இரண்டாவது டர்பன்டைனில் கால் பங்கு லின்சீட், கடைசி அடுக்கு பாதிக்குப் பாதி. இதைத் தலைகீழாகச் செய்தால் எண்ணெய் மிகுந்த அடியடுக்கு மெதுவாகக் காய்ந்து சுருங்கும்போது, மேலே முன்பே இறுகிய அடுக்கு வெடிக்கும். அம்பர் பூசிய இருண்ட பகுதிகள் காய்ந்ததும் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்தது போலத் தெரியும். வண்ணம் கெட்டதாக நினைத்து மேலே கறுப்பைப் பூச வேண்டாம். அடியடுக்கு எண்ணெயை உறிஞ்சிவிட்டது, அவ்வளவுதான். விரல் நுனியில் ஒரு துளி லின்சீட் எடுத்து அந்த இடத்தில் தேய்த்து, அரைமணி கழித்துத் துணியால் ஒற்றினால் இருள் திரும்ப வரும்.

எண்ணெய் படிந்த அந்தத் துணிகளைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போடக் கூடாது. லின்சீட் காயும்போது வெப்பம் வெளிவிடும், சுருண்ட துணிக்குள் அந்த வெப்பம் தேங்கித் தானாகவே தீப்பற்றும். விரித்து வெளியே கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் அமிழ்த்தி மூடுங்கள். வெயில் நாட்டில் இந்த எச்சரிக்கைக்கு இரட்டை மதிப்பு.

வார்னிஷ் ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம், கெட்டியாக வண்ணம் நிற்கும் வானப் பகுதிக்கு ஓராண்டு காத்திருப்பது நல்லது. அதற்குள் மாட்ட வேண்டுமானால் தற்காலிகப் பூச்சான ரீடச் வார்னிஷ் மெல்லிசாக ஒரு கை. மில்லேயின் கையெழுத்தை நகலெடுக்காதீர்கள். பின்பக்கம் ‘மில்லேயைப் பார்த்து’ என்றும் வரைந்தவர் பெயர், ஆண்டு, பயன்படுத்திய வண்ண வரிசை ஆகியவற்றையும் எழுதுங்கள். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் அனுமதி பெற்று நகலெடுப்பவர்களுக்கே மூலத்தின் அளவில் வரையக் கூடாது என்ற விதி உண்டு. 12×16 என்பதால் நம் நகலில் அந்தச் சிக்கலே எழாது.

37 மில்லி டியூப்களில் ஓக்கரும் அம்பரும் சியன்னாவும் இந்தப் படத்துக்குப் பின்னும் பாதிக்குமேல் மீதமிருக்கும். மூடியின் மரையைத் துணியால் துடைத்து இறுக்கி மூடினால் ஆண்டுக்கணக்கில் கெடாது. அதே மண் நிறங்களும் புதிதாக ஒரு வெள்ளையும் இருந்தால் மில்லேயின் ‘ஆஞ்செலஸ்’ படத்தை அடுத்து எடுக்கலாம். மூலம் 55.5×66 செ.மீ., கடையில் கிடைக்கும் 10×12 அங்குலத்துக்கு விகிதம் கிட்டத்தட்டச் சரியாக வரும்.